உபகாரச் சம்பளமும் ஒரு கையெழுத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்து, கோப்புகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் ஒரு குமாஸ்தா. கம்பனைப் பற்றியோ சங்க நூல்களைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கில்லை என்று செயலாளர் அவர்களிடம் சொன்னேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், அதுதான் எங்களுக்கு வேண்டும்" என்றார். எனக்குத் தெரிந்தது காகிதம் ஒன்றுதான். ஆகையால், நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் வாங்கப்போகும் ஓய்வூதியத்தைப் பற்றியும், அதற்காக நாம் இடும் கையெழுத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நம் பெரியவர்கள் ஓய்வூதியத்தை 'உபகாரச் சம்பளம்' என்றே வழங்கினார்கள். உபகாரம் என்றால் ஒருவர் மனமிரங்கிச் செய்யும் உதவி. முதலாளி வேண்டுமானால் கொடுப்பார், வேண்டாமென்றால் நிறுத்துவார். ஆனால் முப்பது ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் உழைத்தவனுக்கு மாதந்தோறும் வருவது உபகாரமா, கூலியா? இந்தக் கேள்விக்கு விடை காண நம் நாட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாறு நம் கரக்பூர்க் காலனியின் வரலாறும் ஆகும். என் குடும்பத்தின் வரலாறும் ஆகும். என் பாட்டனார், என் தந்தையார், நான் என மூன்று தலைமுறையும் இங்கேயே சம்பளம் வாங்கியவர்கள். ஆயினும் எங்கள் மூவருடைய முதுமைக்கும் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள்.

என் பாட்டனார் 1930இல் பிழைப்புத் தேடி வடக்கே ரயிலேறி வந்து, இங்குள்ள பணிமனையில் பிட்டராகச் சேர்ந்தார். அன்று இது பெங்கால் நாக்பூர் ரயில்வே, கம்பெனி நிர்வாகம். 1944இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் ரயில்வேத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் என்பது கிடையாது. சேமநல நிதி என்ற ஒன்று உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளி செலுத்துவான். நிர்வாகமும் தன் பங்கைச் செலுத்தும். வேலையை விட்டுப் போகும் நாளில் மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அத்தோடு கணக்கு தீர்ந்தது.

1957ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்நாள் முதல் புதிதாகச் சேருவோர் தாமாகவே அத்திட்டத்துக்கு உட்படுவர். ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களோ, பழைய சேமநல நிதியிலேயே இருப்பதா, ஓய்வூதியத்துக்கு மாறுவதா என்று தம் விருப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். என் பாட்டனார் சேமநல நிதியிலேயே நின்றார். அவருடைய எண்ணத்தை என் தந்தையார் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். "மாதம் மாதம் சிறுகச் சிறுக வாங்கி, இரண்டு வருஷத்தில் நான் கண்ணை மூடிவிட்டால் மிச்சம் யாருக்கு? மொத்தமாக வந்தால் பெண்ணுக்குக் கலியாணம் ஆகும், ஊரில் ஒரு வீடு ஆகும்" என்பாராம்.

அதில் தவறு காண இயலாது. நாடு விடுதலையடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டு அளவிலேயே இருந்தது. ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறுகிறவன் எழுபது வரை இருப்பான் என்று எவன் எண்ணினான்? கணவனுக்குப் பின் மனைவிக்கு நெடுநாள் துணைநிற்கும் குடும்ப ஓய்வூதியத் திட்டமும் 1964ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் வந்தது. கையில் இருப்பதே காசு என்று எண்ணிய ஏழைத் தொழிலாளி அவர்.

ஓய்வு வயது 1962ஆம் ஆண்டு இறுதியில் 55லிருந்து 58ஆக உயர்ந்தது. ஆகையால் பாட்டனார் 1966இல் ஓய்வு பெற்றார். ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய் வந்தது. அன்று அது பெருந்தொகை. அத்தை இருவரின் திருமணமும், ஊரில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடும் அதில் முடிந்தன. பிறகு விலைவாசி ஏறியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அது ஏறிய ஏற்றத்தை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொகையோ ஏறவில்லை, கரையத்தான் செய்தது. 1978இல் பாட்டனார் காலமானபொழுது வங்கிக் கணக்கில் இருந்த பணம் காரியச் செலவுக்கும் போதவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில், விருப்பத்தை மாற்றிக்கொள்ள ரயில்வே பலமுறை வாய்ப்பு அளித்திருந்தது. பாட்டனார் மாறவில்லை. மாறலாமா, கூடாதா என்று பாட்டியிடம் எவரும் கேட்கவும் இல்லை. அந்தக் கையெழுத்தின் பலனை அனுபவித்தவரோ பாட்டிதான்.

அன்பர்களே, 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாளை ஓய்வூதியர்கள் தம் திருநாளாகக் கொண்டாடுவதன் காரணத்தை இங்கே சொல்ல வேண்டும். அன்றுதான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதி டி. ஏ. தேசாய் அத்தீர்ப்பை எழுதினார். 1979 மார்ச் 31ஆம் நாளை எல்லையாக வைத்து, அதற்குப் பின் ஓய்வு பெற்றவர்க்கே உயர்ந்த கணக்கு முறை பொருந்தும் என்று அரசாங்கம் வகுத்திருந்தது. ஓய்வூதியர் அனைவரும் ஒரே வகுப்பினர், அவர்களை ஒரு தேதியைக் கொண்டு இரண்டாகப் பிரிப்பது செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. அதனினும் பெரிய உண்மை ஒன்றையும் கூறிற்று. ஓய்வூதியம் அரசின் கருணையும் அன்று, கொடையும் அன்று. செய்து முடித்த வேலைக்குப் பின்னாளில் தரப்படும் ஊதியம் என்பதே அது. உபகாரச் சம்பளம் என்ற சொல்லிலிருந்த 'உபகாரம்' அன்று உதிர்ந்தது.

இதைக் கேட்ட சேமநல நிதிக்காரர்களும் தமக்கும் வழி பிறந்தது என்று நம்பி நீதிமன்றம் சென்றனர். அவர்கள் ரயில்வே ஊழியர்கள். கிருஷேண குமார் வழக்கு என்பது அதன் பெயர். 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. சேமநல நிதியில் தொகையைக் கொடுத்த அன்றே அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடுகிறது. ஓய்வூதியத்திலோ ஓய்வு பெற்ற அன்றுதான் அக்கடமை தொடங்குகிறது. ஆகவே இருவரும் ஒரே வகுப்பினர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம். இந்த வேறுபாட்டை நம் பாட்டன்மார்க்கு 1957இலேயே எவரேனும் விளங்கச் சொல்லியிருந்தால் எத்தனை கையெழுத்துகள் மாறியிருக்கும்!

சேமநல நிதியில் ஓய்வு பெற்று மறைந்தோரின் விதவைகளுக்கு 1986 முதல் கணக்கிட்டு மாதம் 150 ரூபாய் தர அரசாங்கம் முன்வந்தது. அதன் பெயர் 'கருணைத் தொகை'. ஓய்வூதியத்திலிருந்து நீங்கிய கருணை இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. அப்பொழுது நான் சிறுவன். அந்த 150 ரூபாயைப் பாட்டி முந்தானையில் முடிந்துகொண்ட காட்சி என் கண்முன் நிற்கிறது. என் பெற்றோர் அவருக்குச் சோற்றுக்கும் துணிக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. எனினும், அந்த முதல் பணம் வந்த நாளில் பாட்டி என்னை அழைத்து, "பத்து வருஷம் கழித்து இன்றுதான்டா என் கையால் உனக்கு மிட்டாய் வாங்கித் தருகிறேன்" என்றார். பசி வேறு, கையில் சொந்தக் காசு இல்லாத நிலை வேறு என்பதை அன்று அறிந்தேன்.

என் தந்தையார் 1970இல் வேலையில் சேர்ந்தவர். அவர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. விதியே அவரை ஓய்வூதியத்தில் சேர்த்தது. 1998இல் ஓய்வு வயது 60ஆக உயர்ந்தது. அவர் 2008இல் ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். விலைவாசி ஏற ஏற அதற்கேற்ற நிவாரணம். எண்பது வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 20 கூடும். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டில் எண்பது. அவர் வாங்கும் தொகை பெரிதன்று. ஆனால் அவர் எவரிடமும் கை நீட்டுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அவர் கையாலேயே மிட்டாய் கிடைக்கிறது.

இனி என் கதை. 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, படைவீரர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. நான் சேர்ந்தது 2006. இத்திட்டத்தில் ஊழியர் தம் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 10 செலுத்துகிறார். அரசாங்கமும் முதலில் 10 செலுத்தியது. 2019 ஏப்ரல் முதல் அது 14 ஆயிற்று. இத்தொகை கடன் பத்திரங்களிலும் பங்குச் சந்தையிலும் முதலீடு செய்யப்படுகிறது. அறுபதாவது வயதில் சேர்ந்திருக்கும் நிதியில் அறுபது பங்கு வரை கையில் பெறலாம். குறைந்தது நாற்பது பங்கைக் கொண்டு மாத வருவாய் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தை உயர்ந்தால் நாமும் உயர்வோம். தாழ்ந்தால் நாமும் தாழ்வோம். மாத வருவாய் இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. என் பாட்டனாரின் காலத்துக்கும் என் தந்தையாரின் காலத்துக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலையிலிருக்கும் எங்களைப் போன்றோர் எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி நாள் ஜூன் 30 என்று குறித்துப் பின்னர் நீட்டித்தார்கள். ஆக, 1957இல் பாட்டனார் முன்னால் வைத்த அதே கேள்வியை, அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து என் மேசைமேல் வைத்தார்கள்.

புதிய திட்டத்தின் சாரம் இது. இருபத்தைந்து ஆண்டு பணி செய்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதியாகக் கிடைக்கும். விலைவாசி நிவாரணமும் உண்டு. பணிக்காலம் குறைந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். பத்தாண்டு நிறைந்தவர்க்குக் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். ஓய்வூதியர் மறைந்தால் அவர் வாங்கியதில் நூற்றுக்கு 60 துணைவிக்கோ துணைவருக்கோ வரும். எடுத்துக்காட்டாக, சராசரி அடிப்படைச் சம்பளம் 50,000 என்று கொள்வோம். இருபத்தைந்து ஆண்டு பணிக்கு 25,000. இருபது ஆண்டு பணிக்கு 20,000. 25,000 வாங்கியவர் மறைந்தால் அவர் மனைவிக்கு 15,000.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தேசியத் திட்டத்தில் சேரும் நிதி நம் பெயரில் நிற்பது. புதிய திட்டத்தில் உறுதியான மாதத் தொகைக்கு ஈடாக அந்நிதி பொதுத் தொகுப்பிற்குச் சென்றுவிடும். குடும்பத் தொகை, ஓய்வு பெறும் நாளில் சட்டப்படி மணந்த துணைக்கே உரியது. இருபத்தைந்து ஆண்டு முடித்து விருப்ப ஓய்வு பெறுபவர்க்கு, அவர் இயல்பாக ஓய்வு பெறும் வயது வந்த பின்புதான் மாதத் தொகை தொடங்கும். இதை ஏற்றவர், ஓய்வுக்கு ஓராண்டு முன்வரை ஒரே ஒருமுறை தேசியத் திட்டத்துக்குத் திரும்பலாம். திரும்பியவர் மறுபடி வர இயலாது.

விருப்பப் படிவத்தை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவு உணவுக்குப் பின் விரித்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள் இல்லாத காலத்தில் எனக்கு என்ன வரும்?"

இருபது தாள்களில் நான் போட்ட கணக்கில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கு வெட்கமாயிற்று. பாட்டியின் முந்தானை முடிச்சு நினைவுக்கு வந்தது. இருவரும் உட்கார்ந்து மீண்டும் முதலிலிருந்து படித்தோம். உறுதியான தொகையே எங்களுக்கு ஏற்றது என்று முடிவு செய்து கையெழுத்திட்டேன். என் நண்பர் ஒருவர் தேசியத் திட்டத்திலேயே நின்றார். அவர் மனைவிக்குத் தனி வருவாய் உண்டு. அவருக்கு முன்னதாகவே ஓய்வு பெறும் எண்ணமும் உண்டு. அவர் கணக்கு அவருக்குச் சரி, என் கணக்கு எனக்குச் சரி. ஒருவர் விடையை மற்றொருவர் பார்த்து எழுதக்கூடாது. வீட்டில் இருவரும் அறியாமல் எவரும் எழுதக்கூடாது. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே.

நம் வீடுகளில் இதைப் பேசுவதை அபசகுனம் என்று எண்ணுகிறோம். விளக்கு வைத்த நேரத்தில் சாவுக் கணக்கா என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்களும் நம் பெரியவர்களே. பேசாமல் விட்டதனால் நேரும் துன்பத்துக்கு ஒன்று சொல்கிறேன். காலனியில் ஒரு பெரியவர் மறைந்தார். அவருடைய பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர். ஆதார் அட்டையில் வேறு. வங்கியில் தந்தை பெயரின் தலையெழுத்து. மற்றொன்றில் கணவர் பெயரின் தலையெழுத்து. நாம் தமிழர், குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லை. வடக்கே படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றை எழுதிவைக்கிறோம். அந்த அம்மையார் தாம் தாம்தான் என்று மெய்ப்பிக்க ஏழு மாதம் அலைந்தார். பெரியவர் உயிரோடு இருக்கையில் ஒரு பிற்பகலில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

மற்றொன்று, குடியிருப்பு. ஓய்வு பெற்றபின் குவார்ட்டர்ஸில் நான்கு மாதம் வழக்கமான வாடகையில் இருக்கலாம். நோய் அல்லது பிள்ளைகளின் படிப்பு காரணமாக மேலும் நான்கு மாதம், கூடுதல் வாடகையில். அதற்குமேல் இல்லை. ஊரிலுள்ளவனுக்கு வேலைதான் போகிறது. நமக்கு வேலையோடு வீடும், தெருவும், இந்தச் சங்கமும் போகின்றன. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னை வந்துவிடும்; ஆனால் அங்கே இறங்கி எவர் வீட்டுக்குப் போவது? எங்கள் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு என்றோ விற்றுப்போயிற்று. இங்கேயே நிலைப்பதா, ஊர் திரும்புவதா என்பதை ஐம்பத்தொன்பதில் அல்ல, நாற்பத்தைந்தில் பேச வேண்டும்.

ஓய்வு பெற்றபின்பும் வேலைக்குப் போவோர் இன்று பெருகிவருகின்றனர். சராசரி ஆயுள் எழுபதை எட்டியிருக்கும் காலத்தில் அறுபது முதுமை அன்று. துறைகளும் அனுபவசாலிகளை ஒப்பந்த முறையில் மீண்டும் அழைக்கின்றன. கடைசிச் சம்பளத்தில் ஓய்வூதியத்தைக் கழித்து எஞ்சுவதையே அவர்களுக்கு ஊதியமாக வைக்க வேண்டுமென்று மத்திய அரசு 2020இல் பொதுவிதி வகுத்தது. உழைக்க மனமும் உடலும் உள்ளவர் உழைக்கட்டும், அது பெருமை. ஆனால் அடுப்பு எரியவேண்டும் என்பதற்காக எழுபது வயதில் இரவுக் காவலுக்கு ஒருவர் போவது பெருமை அன்று. விரும்பி உழைப்பதற்கும் வேறு வழியின்றி உழைப்பதற்கும் நடுவே நிற்பது, உரிய காலத்தில் இட்ட கையெழுத்து.

நமக்காவது தேர்ந்தெடுக்க இரண்டு உண்டு. நம் காலனியைப் பெருக்குகிறவர், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் நம் இளைஞர் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் சேமநல நிதியோடு இணைந்த ஓய்வூதியத்துக்கு 2014இல் குறைந்தபட்சமாக நிர்ணயிக்கப்பட்டது மாதம் 1,000 ரூபாய். அதுவும் இல்லாதோர் பலர். பதினெட்டு முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் சேரத்தக்க அடல் ஓய்வூதியத் திட்டம் 2015இல் தொடங்கியது. செலுத்தும் தொகைக்கு ஏற்ப அறுபது வயதில் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்க அது வழிசெய்கிறது. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு அதை எடுத்துச் சொல்லி வங்கிக்கு அழைத்துச் செல்ல நமக்கு ஒரு மணி நேரம் போதும்.

நிறைவாக, சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, நம் நூலக அறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். பெயர்த் திருத்தம், நியமனப் படிவம், குடும்ப விவரம் ஆகியவற்றைச் சரிபார்க்க என்னால் இயன்ற உதவியைச் செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று தரவேண்டும். எண்பது கடந்தவர் அக்டோபர் முதலே தரலாம். இப்பொழுது வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் முகத்தைக் காட்டி அச்சான்றைத் தரும் வசதி வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது கைவராது. நம் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தாத்தாவையோ பாட்டியையோ பொறுப்பேற்றுக்கொள்ளட்டும்.

இன்றிரவு வீடு திரும்பியதும், இங்குள்ள ஆடவர் ஒவ்வொருவரும் தம் பணிக் காகிதங்களை எடுத்து மனைவியின் முன் விரித்துவையுங்கள். இங்குள்ள தாய்மார்கள் ஒவ்வொருவரும், என் மனைவி கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். அது அபசகுனம் அன்று. என் பாட்டி கேட்க முடியாமல் போன கேள்வி அது.